எலியின் மூச்சும் நம் மூச்சும்: காட்டுக் கொறிணிகளின் நுரையீரல் கிருமிகள்

நெல் கிடங்கில் மூட்டைகளுக்கு இடையே பெரிய எலி ஒன்று பட்டப்பகலில் வெளியே வந்து, ஆளைக் கண்டும் ஓடாமல், விலா ஒடுங்க மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தது என்றும், அதன் கண்ணோரத்திலும் மூக்கைச் சுற்றியும் சிவப்பாகக் கசிந்திருந்தது என்றும், மறுநாள் காலையில் அது அங்கேயே செத்துக் கிடந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். ஆய்வக எலிகளுக்கு நிமோனியா வரும் என்று படித்திருப்பதாகச் சொல்லி, வயலிலும் காட்டிலும் வாழும் எலிகளுக்கும் பாக்டீரியாவால் அப்படிப்பட்ட நோய் வருமா, வந்தால் கிடங்கில் வேலை செய்பவர்களுக்குத் தொற்றுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வரும். காட்டுக் கொறிணிகளின் மூச்சுப்பாதையில் அவற்றுக்கே உரிய பாக்டீரியாக்கள் பல குடியிருக்கின்றன. அவற்றுள் சில நுரையீரலை மெல்ல மெல்லச் சிதைக்கக்கூடியவை. ஆனால் எலியின் நுரையீரலைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் மனிதரின் நுரையீரலைத் தொடுவதில்லை. அதற்கு மாறாக, எலியிடமிருந்து வந்து மனிதரின் நுரையீரலைக் கெடுக்கும் கிருமிகள் எலியின் உடலில் பெரும்பாலும் சிறுநீரகத்திலோ இரத்தத்திலோ மண்ணீரலிலோதான் இருக்கின்றன. மூச்சுத் திணறும் எலியைப் பார்த்து அஞ்சுகிறவர்கள், நன்றாக ஓடியாடித் திரியும் எலியின் மூத்திரத்தை மிதித்துக்கொண்டு நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதலில் நீங்கள் பார்த்த எலியை எடுத்துக்கொள்வோம். கண்ணிலும் மூக்கிலும் கசிந்த சிவப்பு இரத்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எலியின் கண்குழிக்குள், விழிக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்ற ஒன்று இருக்கிறது; அது சுரக்கும் நீரில் போர்ஃபைரின் என்னும் செந்நிறப் பொருள் கலந்திருக்கும். உடல்நலத்தோடு இருக்கும் எலி முன்னங்காலால் முகத்தை அடிக்கடி துடைத்துக்கொள்வதால் அது கண்ணுக்குப் படுவதில்லை. நோயோ பட்டினியோ பயமோ தாக்கும்போது சுரப்பு மிகும், துடைத்துக்கொள்ளும் பழக்கம் குறையும், கசிந்தது காய்ந்து குங்குமம் அப்பியது போலத் தெரியும். ஆகவே அந்தச் சிவப்பு, எலி துன்பத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். என்ன துன்பம் என்பதைச் சொல்லாது.

கிடங்கு என்பதால் நான் முதலில் சந்தேகிப்பது கிருமியை அல்ல, எலிமருந்தை. ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியையோ அரிசியையோ தின்ற எலியின் இரைப்பையில் அமிலம் பட்டு பாஸ்பீன் வாயு உண்டாகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள, அந்த எலி சில மணி நேரத்தில் மூச்சுத் திணறிச் சாகிறது. புரோமாடியலோன் வில்லையைத் தின்ற எலிக்கு இரத்தம் உறையும் தன்மை போய், சில நாட்கள் கழித்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியத் தொடங்குகிறது. மார்புக்குள் கசிந்தால் அதுவும் மூச்சு வாங்கும், பகலில் தள்ளாடி வெளியே வரும், மூக்கில் உண்மையான இரத்தமே தெரியக்கூடும். பக்கத்துக் கடையிலோ பக்கத்து வயலிலோ மருந்து வைத்திருந்தால் கூடப் போதும். இந்த இரண்டையும் விலக்கிய பிறகுதான் நிமோனியாவைப் பற்றி யோசிக்கலாம்.

ஏனென்றால் நிமோனியா முற்றிய காட்டெலியை மனிதக் கண் காண்பது அரிது. எலி பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு. மூக்கடைத்தால் அதற்கு வாய் கைகொடுப்பதில்லை. மூச்சு வாங்கும் எலியால் ஆந்தைக்கும் பாம்புக்கும் பூனைக்கும் தப்பி ஓட முடியாது. கூட்டத்தில் வலுத்த எலி அதை இரையிடத்திலிருந்து விரட்டிவிடும். மிஞ்சியது வளைக்குள்ளேயே செத்து மண்ணாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டு வாழும் எலி, வெளியுலகில் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. மூச்சுப்பாதையின் முக்கியமான நோய்களோ மாதக்கணக்கில் மெதுவாக முற்றுகிறவை. நோய் முற்றிக் கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு வரும் முன்னரே எலியின் ஆயுள் வேறு ஏதோ ஒன்றால் முடிந்துவிடுகிறது. ஆகவே காட்டெலிகளின் நுரையீரல் நோயைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பொறியில் பிடித்து அறுத்துப் பார்த்த, வெளிப்பார்வைக்கு நலமாக இருந்த எலிகளிடமிருந்தும், அவற்றின் உறவினரான ஆய்வக எலிகளிடமிருந்தும் கிடைத்தவை.

அந்த நோய்களில் முதலிடம் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்ற கிருமிக்கு. லண்டனில் லிஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எம்மி கிளீனெபெர்கர், ஸ்டீபன் என்பவரோடு சேர்ந்து, சீழ் கட்டிய எலி நுரையீரல்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1937-இல் விவரித்தார். இந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது. சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம். இடிக்கச் சுவரே இல்லாத வீட்டுக்குக் கடப்பாரை எதற்கு? 2001-இல் இதன் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது, அது ஏறத்தாழ 9,64,000 எழுத்துகள் மட்டுமே கொண்டது என்று தெரிந்தது. நம் குடலில் வாழும் சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுடையதில் இது ஐந்தில் ஒரு பங்குதான். தனக்கு வேண்டியவற்றில் பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் வழியற்ற கிருமி இது. விருந்தோம்பும் விலங்கின் செல்லோடு ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்கும்.

ஒட்டிக்கொள்ளும் இடம் மூக்கின் உட்புறம், நடுச்செவி, மூச்சுக்குழல், அதன் கிளைகள் ஆகியவற்றின் உட்சவ்வு. அந்தச் சவ்வின் மேல், காற்றில் அலையும் பயிர் போல, நுண்ணிய குறு இழைகள் ஓயாமல் அசைந்து, தூசியும் சளியும் படிந்த படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மைக்கோபிளாஸ்மா அந்த இழைகளின் இடையே படிந்ததும் அசைவு தளர்கிறது, இழைகள் உதிர்கின்றன, சளி தேங்குகிறது. எலியின் எதிர்ப்புச் செல்கள் குழல்களைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன, ஆனால் கிருமி தன் மேற்பரப்புப் புரதங்களை மாற்றி மாற்றி அணிந்துகொள்வதால் அவை அதை முழுதாக அழிப்பதில்லை. இந்த நோயில் நுரையீரலுக்கு நேரும் சேதத்தில் கணிசமான பங்கு கிருமியால் நேர்வதைவிட, முடிவில்லாத இந்த எதிர்ப்பால் நேர்வதே என்பது என் கருத்து.

நோய் முற்றிய நுரையீரலை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். எலியின் இடப்பக்க நுரையீரல் ஒரே மடல். வலப்பக்கம் நான்கு மடல்கள். நலமான மடல் வெளிர் ரோஜா நிறத்தில், பஞ்சு போல அமுங்கும். ஒரு துண்டு வெட்டி நீரில் போட்டால் மிதக்கும். நோயுற்ற மடல் நாவற்பழத் தோல் போலக் கறுத்தோ சாம்பல் பூத்தோ, மேற்பரப்பு முழுதும் கூழாங்கல் பரப்பியது போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். அந்த முண்டுகள் ஒவ்வொன்றும் விரிந்து வீங்கிய மூச்சுக்கிளைக்குழல். கத்தி பட்டதும் உள்ளிருந்து கெட்டியான வெண்மஞ்சள் சளி பிதுங்கும். அதன் துண்டு நீரில் அமிழும். உட்செவி வரை அழற்சி போயிருந்தால், உயிரோடு இருந்தபோது அந்த எலி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, சில வேளை வட்டமடித்தும் நடந்திருக்கும். காதை அருகில் வைத்தால் கேட்கும் மூக்கொலி, தும்மல், மெலிவு, சிலிர்த்த மயிர் ஆகியவை மற்ற அடையாளங்கள்.

கிருமி தாயிடமிருந்து குட்டிக்கு முதல் சில வாரங்களிலேயே மூக்கோடு மூக்கு உரசுவதால் வந்துவிடுகிறது. பெண் எலியின் கருப்பாதையிலும் இது குடியிருக்கும். ஆனால் தொற்றிய எல்லா எலியும் நோயாளி ஆவதில்லை. எது ஆக்குகிறது என்பதற்கு மிகத் தெளிவான விடையொன்று 1976-இல் அமெரிக்காவில் பிராடர்சன், லிண்ட்சி, கிராஃபோர்ட் ஆகியோரின் ஆய்வில் கிடைத்தது. கிருமி தொற்றிய எலிகளைப் பத்து லட்சத்தில் 25 முதல் 250 பங்கு வரை அம்மோனியா கலந்த காற்றில் வைத்தபோது, மூக்கிலும் செவியிலும் மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் நோய் கடுமையாயிற்று. மூத்திரமும் புழுக்கையும் ஊறிய படுக்கையிலிருந்து பாக்டீரியாக்கள் கிளப்பும் அம்மோனியா, கூண்டுக்குள் இந்த அளவை எளிதில் எட்டிவிடும். அப்படியானால் காட்டு வளை? நீண்ட, பல வாயில்கள் கொண்ட, மண் ஈரத்தை உறிஞ்சும், குடும்பம் சிறிதாக உள்ள வயல் வளையில் காற்று ஓரளவு ஓடும். நகரத்துச் சாக்கடைச் சுவரின் பொந்திலோ, ஆண்டுக்கணக்கில் அசைக்காத மூட்டை அடுக்கின் அடியிலோ எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. ஒரே இனம், ஒரே கிருமி என்றாலும் நகர எலியின் நுரையீரலில் நான் கூடுதல் தழும்பை எதிர்பார்ப்பது இதனால்தான்.

இந்த எதிர்பார்ப்புக்குச் சான்றாக நிற்பது கனடாவின் வான்கூவர் நகரத்து ஆய்வு. அந்நகரத்தின் பழைய, நெருக்கமான பகுதியில் பொறிவைத்துப் பிடித்த பழுப்பு எலிகளையும் கருப்பு எலிகளையும் அறுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட முடிவுகளில், மூச்சுப்பாதையின் நாட்பட்ட அழற்சியும், குழல்களைச் சுற்றி நிணச்செல்கள் திரண்டிருந்ததும் பரவலாகக் காணப்பட்டன. மைக்கோபிளாஸ்மாவோடு கூட ஃபிலோபாக்டீரியம் ரோடென்டியம் என்ற இன்னொரு கிருமியும் அவற்றில் இருந்தது. இந்தக் கிருமி 1980 முதலே அறியப்பட்டிருந்தாலும், 2016 வரை முறையான பெயர் இல்லாமல் ‘இழைகளோடு சேர்ந்த நுண்கோல்’ என்ற பொருளில்தான் வழங்கிவந்தது. வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், குறு இழைகளின் இடையே அவற்றுக்கு இணையாக, ஏறக்குறைய அதே உயரத்தில், கருப்பு நூல்களாக நிற்கும். நெல் நாற்றுக்கு நடுவே அதைப் போலவே வளர்ந்து நிற்கும் களையைப் பறிக்கத் தெரியாதவர் எப்படித் தடுமாறுவாரோ, சாதாரணச் சாயத்தில் பார்க்கும் நோயியலாளரும் அப்படியே இதைத் தவறவிடுவார். செயற்கை உணவுக் கூழில் எளிதில் வளராததும் இது நெடுநாள் ஒளிந்திருந்ததற்குக் காரணம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பாஸ்டுரெல்லா என்று நெடுநாள் அழைக்கப்பட்டு 2017-இல் ரோடென்டிபாக்டர் என்று பெயர் மாறிய குடும்பம், எலி சுண்டெலிகளின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் சும்மா இருந்து, வைரஸோ மைக்கோபிளாஸ்மாவோ வழிவிட்டால் சீழ்க்கட்டியாகவும் நிமோனியாவாகவும் மாறும். நாய்களுக்கு இருமல் தரும் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா எலியிடமும் உண்டு. கினிப்பன்றியிடம் அது கொடியது. கோரினிபாக்டீரியம் குட்செரி, பட்டினியாலோ பிற நோயாலோ எதிர்ப்பு குன்றிய எலியின் நுரையீரலில் பாலாடைக்கட்டி போன்ற கட்டிகளை உண்டாக்கும். அதனால் ‘போலிக் காசநோய்’ என்ற பெயரும் அதற்கு உண்டு.

போலி அல்லாத உண்மையான காசநோயும் காட்டுக் கொறிணிகளில் இருக்கிறது என்பதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரிட்டனின் புல்வெளிகளில் வாழும் வயல் வோல் என்பது நம் சுண்டெலியைவிடச் சற்றுப் பருத்த, குட்டை வாலும் மயிரில் மறைந்த காதும் கொண்ட, புல்தின்னும் சிறு கொறிணி. அதன் எண்ணிக்கை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகி வழிந்து, பிறகு திடீரெனச் சரிந்துவிடும். இந்தச் சரிவுக்குக் காரணம் கொள்ளைநோயாக இருக்குமோ என்ற கேள்வி ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் எல்டன் நடத்திய விலங்குத்தொகை ஆய்வகத்தில் எழுந்தது. அங்கு பிடிபட்ட வோல்களை அறுத்துப் பார்த்த ஏ.கியூ. வெல்ஸ், 1937-இல் அவற்றில் காசநோயைக் கண்டதாக அறிவித்தார். நம் காசநோய்க் கிருமியின் மிக நெருங்கிய உறவினரான அது இன்று மைக்கோபாக்டீரியம் மைக்ரோட்டி எனப்படுகிறது. நிணநீர்க்கணுக்களிலும் நுரையீரலிலும் பாலாடைக்கட்டி போன்ற முடிச்சுகள், தோலில் ஆறாத புண்கள் என அது வோலை உருக்குலைக்கிறது.

ஆனால் எல்டனின் கேள்விக்கு அது விடையாகவில்லை. மெதுவாகத் தின்னும் நோயால் திடீர்ச் சரிவை விளக்க முடியாது. பல ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய கீல்டர் காட்டில், வோல்களின் தோலுக்கடியில் மின்னணு அடையாளம் பதித்து, பிடித்து விட்டு மீண்டும் பிடித்து இதைத் தொடர்ந்து கவனித்தார்கள். தோலில் புண் தெரிந்த வோல்களின் பங்கு சிறிதாகவே இருந்தது. அறுத்துப் பார்த்தபோதோ உள்ளே நோய் இருந்தவை அதைவிட அதிகம். வெளியே தெரிவதைக் கொண்டு காட்டு விலங்கின் நோயை எண்ணினால் குறைத்தே எண்ணுவோம் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

வெல்ஸின் கண்டுபிடிப்புக்கு எதிர்பாராத இன்னொரு பயன் வந்தது. இந்தக் கிருமி வோலைக் கொல்லும், மனிதரைப் பெரும்பாலும் தொடாது. ஆகவே உயிருள்ள தடுப்பூசியாக இதைப் பயன்படுத்தலாம் என்று அவர் கருதினார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1950-இல் தொடங்கிய பெரும் சோதனையில், பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதில் இருந்த 50,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியருள் ஒரு பகுதியினருக்கு வழக்கமான காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. ஊசியும் இன்னொரு பகுதியினருக்கு வோல் கிருமி ஊசியும் போடப்பட்டன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பாதுகாப்புத் தந்தன. ஊசி போட்ட இடத்தில் சிலருக்குத் தோல் காசநோய் தோன்றியதால் வோல் ஊசி கைவிடப்பட்டது. பின்னாளில் மரபணுக்களை ஒப்பிட்டபோது, பி.சி.ஜி. கிருமி ஆய்வகத்தில் இழந்திருந்த அதே மரபணுப் பகுதியின் பெரும் பங்கை வோல் கிருமி இயற்கையிலேயே இழந்திருந்தது தெரியவந்தது. காட்டில் ஒரு கொறிணியின் நுரையீரலும், ஆய்வகத்தில் பி.சி.ஜி. கிருமியை வளர்த்த உருளைக்கிழங்குத் துண்டும் ஒரே வேலையைச் செய்து முடித்திருக்கின்றன. மனிதருக்கு இந்தக் கிருமி வருவது மிக அரிது என்றாலும் வராமல் இல்லை. நெதர்லாந்தில் சில நோயாளிகளிடம் கண்டது 1998-இல் பதிவாயிற்று. வோலைப் பிடித்துத் தின்னும் பூனைகளுக்கு அதைவிடச் சற்று அதிகமாக வருகிறது.

கீல்டர் காட்டின் இன்னொரு பாடமும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். அங்கு வோல்களைப் பல ஆண்டு கவனித்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, ஒரு வோலுக்கு ஒரு கிருமி தொற்றும் வாய்ப்பை அதன் வயதோ பருவகாலமோ தீர்மானிப்பதைவிட, அதன் உடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு கிருமிகள் அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவை நுரையீரல் கிருமிகள் அல்ல. பசு அம்மை வைரஸும் இரத்தத்தில் வாழும் சில கிருமிகளும்தான். இருந்தாலும் மூச்சுப்பாதைக்கும் இதே கணக்குதான் என்பதை ஆய்வக எலிகள் நெடுநாளாகக் காட்டிவருகின்றன. தனியாக வந்தால் சும்மா இருக்கும் ரோடென்டிபாக்டர், வைரஸ் முன்னே போனால் பின்னே போய் நுரையீரலைப் பிடிக்கிறது. ஆகவே செத்த எலியின் நுரையீரலில் ஒரு பாக்டீரியா கிடைத்துவிட்டது என்பதாலேயே அதுதான் கொன்றது என்று எழுதிவிடக் கூடாது.

இனி உங்கள் அச்சத்துக்கு வருவோம். மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸோ ஃபிலோபாக்டீரியமோ மனிதருக்கு நிமோனியா தந்ததாக அறியப்படவில்லை. எலியின் மூக்கிலும் தொண்டையிலும் எலிக்குத் தீங்கின்றி வாழும் ஸ்ட்ரெப்டோபாசிலஸ் மோனிலிஃபார்மிஸ் என்ற கிருமி மட்டும் விலக்கு. ஆனால் அதுவும் மனிதருக்குக் கடி வழியாக வந்து, காய்ச்சல், மூட்டு வலி, தோல் தடிப்பு என வேறு உருவில்தான் தெரியும். 1926-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹேவர்ஹில் என்ற ஊரில் அது பால் வழியாகவும் பரவியது. எலிக்கடியை வெறும் காயமாகக் கொள்ளாமல் நஞ்சாகவே எண்ணிப் பின்வரும் காய்ச்சலுக்கு மருத்துவம் எழுதிய சுசுருத சங்கிதை, பல வகை எலிகளின் கடியைத் தனித்தனியே பேசுகிறது. இதே பார்வை நம் நாட்டு வைத்தியத்திலும் உண்டு.

நம் நுரையீரலைத் தாக்கும் எலிக்கிருமி என்றால் நம் ஊரில் நான் முதலில் சொல்வது லெப்டோஸ்பைரா. எலியின் சிறுநீரகத்தில் அது ஆயுள் முழுதும் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. மூத்திரம் கலந்த நீரில் காலில் வெடிப்போடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரும். அவர்களுள் சிலருக்கு நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து, இருமினால் இரத்தம் வரும் நிலை ஏற்படும். அந்தமான் தீவுகளில் 1980-களின் இறுதி முதல் மழைக்காலம் தோறும் மக்களைத் தாக்கி, காரணம் தெரியாமல் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ எனப்பட்ட நோய், 1990-களில் லெப்டோஸ்பைராவின் வேலை என்று அடையாளம் காணப்பட்டது. உண்ணிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸும் இந்த வரிசையில்தான் வரும். வேலூர் வட்டாரத்து மருத்துவர்கள் நன்கறிந்த அந்த நோயில் புதர் எலிகள் மீது ஒட்டி வாழும் சிறு பூச்சியின் இளம்பருவம் கடித்து, நுரையீரல் வரை பாதித்து மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடக்கூடும். அந்த எலியோ நலமாக இருக்கும்.

மூச்சு வழியாகவும் வருவது துலரீமியா. ஃபிரான்சிசெல்லா துலரென்சிஸ் என்ற அதன் கிருமி 10 முதல் 50 வரை உள்ளே போனாலே போதும். வோலுக்கும் எலிக்கும் அது இரத்தம் முழுதும் பரவி, மண்ணீரலிலும் கல்லீரலிலும் புள்ளி புள்ளியாகத் திசுவைச் சாகடித்து, சில நாளில் கொன்றுவிடும். 1966–67 குளிர்காலத்தில் வடக்கு ஸ்வீடனில் 600-க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள். வோல்கள் செத்தும் கழித்தும் கிடந்த வைக்கோலைப் புரட்டி ஏற்றியபோது கிளம்பிய தூசியை மூச்சில் இழுத்தவர்கள். 2000-இல் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் 15 பேருக்கு வந்தபோது 11 பேருக்கு அது நிமோனியாவாக இருந்தது. புல் வெட்டும் இயந்திரமும் புதர் வெட்டும் வேலையும் அங்கே தொடர்புபட்டிருந்தன. உங்கள் கிடங்கில் துலரீமியா வரும் என்று இதைச் சொல்லவில்லை. அது பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் மிதவெப்ப, குளிர் நாடுகளின் நோய். எலியின் நுரையீரலுக்கு வேலையே இல்லாமல், அதன் கழிவும் பிணமும் தூசியாகி மனித நுரையீரலைச் சேரும் வழியைக் காட்டவே சொல்கிறேன்.

பிளேக்கும் அப்படியே. கொறிணிகளுக்குள் அது தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் சுற்றுகிறது; எலிக்கு அது இரத்த நோய். 1910–11-இல் மஞ்சூரியாவில் மர்மோட் என்னும் பெரிய கொறிணியின் தோலுக்காக வேட்டையாடியவர்களிடம் தொடங்கிய பிளேக், மனித நுரையீரலை எட்டியதும் எலியையும் தெள்ளையும் விட்டுவிட்டு மூச்சிலிருந்து மூச்சுக்குத் தாவி, ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்றது. இது காற்றில் பரவும் பிளேக் என்று உறுதிப்படுத்தி, பருத்தித் துணியும் பஞ்சும் சேர்த்த முகமூடியைக் கட்டாயமாக்கியவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே. நம் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பிளேக் 1930-களில் விரிவாக ஆராயப்பட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் ஓசூர்–கோலார் வட்டாரம் பிளேக் கொறிணிகளிடையே தங்கியிருந்த இடமாகக் கருதப்பட்டு, அங்கே கிராமத்தார் வெள்ளெலி என்று சொல்லும் இந்திய ஜெர்பில் உள்ளிட்ட கொறிணிகள் கண்காணிக்கப்பட்டு வந்துள்ளன. ஒரே ஓர் எலி மூச்சுத் திணறிச் சாவது பிளேக்கின் அடையாளம் அன்று. சில நாட்களுக்குள் பல எலிகள், மருந்து எதுவும் வைக்காமலே, வெட்டவெளியில் செத்து விழுவதுதான் அடையாளம். 1994-இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நோய் தெரியும் முன் கிராமத்தார் கண்டதும் அதுவே. அப்படிக் கண்டால் எலியைத் தொடாமல் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். எலி செத்ததும் அதன் உடலை விட்டிறங்கும் தெள்ளுக்கு அடுத்து கிடைப்பது மனிதக் கால்தான்.

இடையே ஒரு திருத்தம்: கூரிய மூக்கோடு, சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறை எலிக்கணக்கில் சேர்க்காதீர்கள். அது கொறிணியே அன்று, பூச்சி தின்னும் வேறோர் இனம். மாறாக, அணிலும் முள்ளம்பன்றியும் எலியைப் போலவே கொறிணிகள்.

கிடங்கில் செய்ய வேண்டியது இது. செத்த எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை எலியின் மேலும் அது கிடந்த இடத்திலும் நன்றாகத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடோ பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டோ எடுத்து, இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். புழுக்கை கிடக்கும் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், முதலில் நனைத்து, பிறகு துடைத்தெடுக்க வேண்டும். நாள்பட்ட மூட்டை அடுக்கைப் பிரிப்பவர் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து, கதவு சன்னல்களை அரை மணி நேரம் முன்பே திறந்துவிட வேண்டும். கிடங்குத் தரையில் தேங்கிய நீரில் செருப்பில்லாமல் நிற்பதை நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட அவசரம். வேலையாட்களில் யாருக்காவது அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும், அல்லது காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே எலி நடமாடும் கிடங்கில் வேலை செய்வதைச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எல்லா மருத்துவருக்கும் நேரம் இருப்பதில்லை. லெப்டோஸ்பைராவுக்கும் ஸ்க்ரப் டைஃபஸுக்கும் டாக்சிசைக்ளின் போன்ற எளிய, விலை குறைந்த மருந்தே போதும், அதை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு.